நாற்றுப்பண்ணை விளம்பரமும் ஒகேனக்கல் வெள்ளமும்: ஏஐ வீடியோவின் வாட்டர்மார்க்கை என்ன செய்வது?

வாசகர் கேள்வி:

காவேரிப்பட்டினத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து வேலைகளோடு உள்ளூர் கடைகளுக்கு விளம்பர ரீல்ஸும் செய்து தருகிறேன். சந்தூர் பக்கம் ஒரு மாங்கன்று நாற்றுப்பண்ணைக்கு ஏஐ கிளிப்புகளை வைத்து ஒரு நிமிட விளம்பரம் செய்தேன். மூலையில் அந்தக் கருவியின் பெயர் தெரிகிறது. "அதை எடுத்துக் கொடுத்தாதான் முழுப் பணம்" என்கிறார் பண்ணைக்காரர். வாட்டர்மார்க் ரிமூவர் ஆப் போட்டு எடுக்கலாமா? என் யூடியூப் சேனலில் "ஒகேனக்கல் இன்று" என்று தலைப்பு வைத்து ஏஐ-யில் செய்த வெள்ளக் காட்சி ஒன்றை, குறி இருந்த மூலையை கிராப் செய்து ஷார்ட்ஸாகப் போட்டேன். வியூஸ் நன்றாக வருகிறது. இதனால் மானிடைசேஷனுக்குச் சிக்கல் வருமா? இன்னொன்று: கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணையில் ஷட்டர் திறந்தபோது நானே நேரில் எடுத்த வீடியோவுக்குக் கீழே "இது ஏஐ" என்று எழுதுகிறார்கள். அதை எப்படி மறுப்பது?

பதில்:

உங்கள் கடிதத்தில் மூன்று வீடியோ இருக்கிறது. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. ஒகேனக்கல் ஷார்ட்ஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் நாலு நாள் பொறுக்கும், அது பொறுக்காது.

அந்த வீடியோவை இன்றே பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். யூடியூப் ஸ்டுடியோ ஆப்பில் அந்த வீடியோவைத் திறந்து, பென்சில் அடையாளத்தைத் தொட்டு, விசிபிலிட்டி என்ற இடத்தில் பிரைவேட் என்று வைத்தால் போதும். லேபிள் மட்டும் போட்டுவிட்டு வீடியோவை அப்படியே விட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். "ஒகேனக்கல் இன்று" என்ற தலைப்பே பொய்யாக இருக்கும்போது கீழே ஒட்டும் லேபிள் அதைச் சரிசெய்யாது. வாட்ஸ்அப் குழுக்களில் நீங்களே பகிர்ந்திருந்தால், "நான் போட்ட ஒகேனக்கல் வெள்ளக் காட்சி ஏஐ-யில் செய்தது, உண்மையான காட்சி அல்ல" என்று அதே குழுக்களில் ஒரு வரி எழுதுங்கள். குழுவில் நடந்ததை யூடியூபில் அழித்துத் திருத்த முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது நம் பக்கத்தில் உள்ள யாருக்கும் புரியும். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்தின் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரிநீரைத் திறந்தால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது, தடையை நீக்குகிறது. பரிசல் ஓட்டுபவர், மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மா, எண்ணெய் தேய்த்துவிடுபவர் என்று அங்கே எத்தனையோ பேருக்கு அன்றைய வருமானம் அந்தச் செய்தியைப் பொறுத்தது. பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ குடும்பத்தோடு கிளம்பத் தயாராக இருப்பவர் உங்கள் ஷார்ட்ஸைப் பார்த்துப் பயணத்தை நிறுத்துவார். அதைவிடக் கெட்டது, இதுபோல நாலு பொய்யைப் பார்த்துச் சலித்தவர், நிஜமாகவே தண்ணீர் ஏறும் நாளில் எச்சரிக்கை வீடியோவையும் ஏஐ என்று தள்ளிவிட்டு ஆற்றில் இறங்குவார். கேஆர்பி அணை வீடியோவின் கீழே உங்களுக்கு வரும் "இது ஏஐ" என்ற கமெண்டும் இப்படிப்பட்ட ஷார்ட்ஸ்கள் விளைவித்ததுதான்.

சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆம் பிரிவு, பேரிடர் குறித்துப் பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கையைப் பரப்புவதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. மக்களிடையே அச்சத்தைக் கிளப்பும் பொய்த் தகவலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 353-ஆம் பிரிவு இருக்கிறது. போலீஸிடமிருந்து நோட்டீஸ் ஏதும் வந்தால், பதில் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வராவிட்டாலும் வீடியோ கீழே இறங்கத்தான் வேண்டும்.

இனி வாட்டர்மார்க்குக்கு வருவோம். மூலையில் தெரியும் எழுத்து மட்டும்தான் வாட்டர்மார்க் என்று நினைத்துத்தான் கிராப் செய்திருக்கிறீர்கள். இன்றைய ஏஐ வீடியோவில் பெரும்பாலும் மூன்று அடுக்குக் குறி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது அதில் மேலோட்டமான ஒன்று.

முதலாவது, திரையில் தெரியும் பெயர் அல்லது லோகோ. கூகுளின் வீடியோ கருவியான வியோவில் செய்த கிளிப் என்றால் கீழ் வலது மூலையில் சின்ன எழுத்தாக நிற்கும். 2025 செப்டம்பர் இறுதியில் ஓபன்ஏஐ வெளியிட்ட சோரா 2-இன் கிளிப்புகளில் அது ஒரே இடத்தில் நிற்காமல் திரையில் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கிராப் செய்பவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

இரண்டாவது, ஃபைலோடு ஒட்டிவரும் விவரக்குறிப்பு. சி2பிஏ என்ற பொதுத் தரத்தின்படி, எந்தக் கருவியில் எப்போது உருவானது, பிறகு எந்த மென்பொருளில் திருத்தப்பட்டது என்ற விவரம் டிஜிட்டல் கையெழுத்தோடு ஃபைலுக்குள் இருக்கும். அடோபி, மைக்ரோசாஃப்ட், இன்டெல், பிபிசி உள்ளிட்டவை சேர்ந்து 2021-இல் தொடங்கிய கூட்டமைப்பின் தரம் இது. இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலோ, ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுத்தாலோ, இந்தத் தரத்தைக் கையாளத் தெரியாத எடிட்டிங் ஆப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தாலோ விவரம் உதிர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குறி. கூகுளின் சிந்த்ஐடி 2023-இல் படங்களுக்கு வந்தது. 2024-இல் வீடியோவுக்கும் வந்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல்களின் மதிப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் மாற்றி, ஒரு அடையாளத்தைப் படம் முழுக்கப் பரப்பிவைக்கிறது. ஒரு மூலையை வெட்டினால் மிச்சப் படத்தில் அது இருக்கும். கலர் ஃபில்டர் போட்டாலும், ஃபிரேம் ரேட்டை மாற்றினாலும், கம்ப்ரஸ் செய்தாலும் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அழிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிமூவர் ஆப் குறிவைப்பது மூலையில் உள்ள எழுத்தை மட்டும்தான். 2025 டிசம்பர் முதல் ஜெமினி ஆப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு வீடியோவை ஏற்றி "இது கூகுள் ஏஐ-யில் செய்ததா?" என்று கேட்கலாம். 100 எம்பி, 90 விநாடி என்ற அளவுக்குள் இருந்தால், காட்சியில் குறி இருக்கிறதா, ஒலியில் இருக்கிறதா, எந்த விநாடியில் இருக்கிறது என்று பதில் வரும். உங்கள் ஒகேனக்கல் ஷார்ட்ஸ் வியோவில் செய்தது என்றால், இன்றைக்கே ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அதைக் கண்டுபிடித்துக் கமெண்டில் ஸ்க்ரீன்ஷாட் போட முடியும்.

அந்தச் சோதனையின் எல்லையையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அது தேடுவது சிந்த்ஐடி குறியை. அந்தக் குறியைப் போடாத கருவியில் செய்த வீடியோவுக்கு "குறி இல்லை" என்று வரும். குறி இல்லை என்பதால் வீடியோ நிஜம் என்று ஆகிவிடாது.

ரிமூவர் ஆப்புகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழில்முறையில் மட்டும் பாருங்கள். அவை மூன்று வழிகளில் வேலை செய்கின்றன. கிராப் செய்பவை, குறி இருக்கும் பட்டையை வெட்டிவிட்டு மீதியை இழுத்துப் பெரிதாக்கும். படம் கூர்மை இழக்கும். பிளர் செய்பவை, எழுத்துக்குப் பதில் ஒரு மங்கல் கட்டத்தை வைக்கும். அது எழுத்தைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். சுற்றியுள்ள பிக்சலை வைத்து நிரப்புபவை நின்ற காட்சியில் தப்பிக்கும். ஆனால் மாவிலை காற்றில் ஆடும்போதும் கேமரா நகரும்போதும் அந்த இடம் மட்டும் கொதிப்பது போலத் துடிக்கும். பண்ணைக்காரர் போனில் பார்க்கும்போது தெரியாது. கண்காட்சி ஸ்டாலில் 55 இன்ச் டிவியில் ஓடவிட்டால் அங்கேதான் எல்லோர் கண்ணும் போகும். இது போக, இலவச ரிமூவர் தளங்கள் வீடியோவை எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றச் சொல்கின்றன. அது உங்கள் கஸ்டமரின் சரக்கு. கைன்மாஸ்டர் எடிட்டிங் ஆப்பின் எழுத்து வரக்கூடாது என்று பலர் போடும் மோட் ஏபிகே-யும், அதாவது யாரோ மாற்றியமைத்த ஆப்பும், இதே ரகம். ஸ்டுடியோ போனில் கஸ்டமர்களின் கல்யாண வீடியோவும் ஜிபே-யும் இருக்கும்போது, யார் கை வைத்தது என்று தெரியாத ஆப்பை அதில் ஏற்றக் கூடாது.

அப்படியானால் அந்தப் பெயரை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், நேர்வழியில். தெரியும் குறி பெரும்பாலும் திட்டத்தைப் பொறுத்தது: இலவசத்தில் வரும், கட்டணத் திட்டங்கள் சிலவற்றில் வராது. எந்தத் திட்டத்தில் வராது என்பதைப் பணம் கட்டும் முன் அந்தக் கருவியின் விலைப் பக்கத்தில் படியுங்கள். மிக உயர்ந்த திட்டத்துக்கு மட்டும் குறி இல்லாமல் தரும் கருவிகளும் உண்டு. கூடவே வணிகப் பயன்பாடு பற்றிய வரியைத் தேடுங்கள். பல கருவிகளின் இலவசத் திட்டத்தில் செய்ததைக் காசுக்கு விற்கும் வேலையில் பயன்படுத்த அனுமதி இல்லை. அப்படி இருந்தால் குறியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த விளம்பரமே விதிமீறல்தான். கட்டணம் கட்டிய பிறகு பழைய கிளிப்பை மறுபடி டவுன்லோட் செய்தால் போதுமா, புதிதாக உருவாக்க வேண்டுமா என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒரு கிளிப்பில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஒரு மாதக் கட்டணத்தைப் பண்ணைக்காரரின் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். பெயர் இல்லாமல் வேண்டும் என்று கேட்பவர் அதற்கு உண்டானதைக் கொடுப்பதுதான் முறை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். 1280-க்கு 720 அளவில் அகலவாக்கில் வந்த கிளிப்பை ரீல்ஸுக்காக நிமிர்த்தினால், நடுவிலிருந்து 405 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். மூலைக் குறி தானாகவே வெளியே போய்விடும். இது வடிவத்துக்காகச் செய்யும் வேலை. ஆனால் ஏஐ என்று சொல்லும் பொறுப்பு அதோடு வெளியே போகாது. அந்த இடத்தில் உங்கள் சொந்த லேபிள் வர வேண்டும். 405 பிக்சலை 1080 ஆக்கும்போது இரண்டரை மடங்குக்கு மேல் இழுபடுகிறது, இலையின் நரம்பெல்லாம் களிம்பு பூசியது போல ஆகிவிடும். ஆகவே நிமிர்ந்த வடிவம் வேண்டும் என்றால் உருவாக்கும்போதே 9:16 என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த விளம்பரத்தின் உள்ளடக்கம். லோகோவைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். நாற்றுப்பண்ணை விற்பது நம்பிக்கையை. வாங்கும் விவசாயி இன்று கன்றைப் பார்க்கிறார், காயைப் பார்க்க ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருடம் பிடிக்கும். அதற்கு முன்னால் வரும் பூவைக் கிள்ளிவிடச் சொல்வதுதான் வழக்கம். உங்கள் கிளிப்பில் இடுப்பளவு கன்றில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கினால் அது "நம்ம கன்று இப்படிக் காய்க்கும்" என்ற வாக்குறுதி. ஏஐ-யிடம் "மாந்தோப்பு" என்று மட்டும் கேட்டால் பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும் கலந்த உருண்டைப் பழத்தைத்தான் தரும். பெங்களூராவின் கிளிமூக்கும், செந்தூராவின் காம்புப் பக்கச் சிவப்பும், மல்கோவாவின் கனத்த உருண்டையும் அதில் வராது. சந்தூர், பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்து விவசாயி ஒரு விநாடி பார்த்தாலே "இது நம்ம ஊர்ப் பழம் இல்லையே" என்பார். அந்த விநாடியில் போவது பண்ணையின் பெயர்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள் விளம்பர ஏஜென்சிக்கும் பொருந்தும். பணம் வாங்கி விளம்பரம் செய்து தரும் நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். அந்த நெறிகளில் இரண்டு விஷயம் உங்களுக்கு நேரடியாக உதவும். பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். பொய்யான வாக்கை அந்த வரியால் திருத்திவிட முடியாது. அதாவது தமிழில் பேசும் விளம்பரத்துக்கு மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து போதாது. தமிழில் எழுதினாலும் இரண்டு வயதுக் கன்றில் நூறு பழம் காட்டியது சரியாகிவிடாது.

ஆகவே அந்த ஒரு நிமிடத்தைப் பிரித்து அடுக்குங்கள். பண்ணை எதை விற்கிறதோ அதெல்லாம் நிஜக் காட்சி: ஒட்டுக் கட்டும் கை, ஒட்டு சேர்ந்த இடம், பாலித்தீன் பையில் வேர், இரகத்தின் பெயர் எழுதிய பலகை, அதே பண்ணையில் கன்று வாங்கி வைத்தவரின் தோப்பு. இதை ஒரு காலைப்பொழுதில், பத்து மணி வெயில் ஏறும் முன், போனிலேயே எடுத்துவிடலாம். தொடக்கத்தில் விடியல் மலையும் மேகமும், நடுவில் மண்ணுக்கடியில் வேர் பரவும் காட்சி, கடைசியில் பெயர்ப் பலகை அனிமேஷன் இவற்றை ஏஐ-க்கு விடுங்கள். வேர் பரவும் காட்சியை யாரும் கேமராவில் எடுத்தது என்று நம்பப்போவதில்லை. வியோ போன்ற கருவி ஒரு தடவைக்கு எட்டு விநாடி தருகிறது. இந்த மூன்று இடத்துக்கும் இடத்துக்கு ஒரு கிளிப் தாராளம். இப்படிச் செய்தால் கிளிப்புக்குச் செலவாகும் கிரெடிட்டும் குறையும்.

லேபிள் வைக்கும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். 1080-க்கு 1920 திரையில் கீழ்ப்பகுதியை ஷார்ட்ஸும் ரீல்ஸும் தலைப்பு, சேனல் பெயர் என்று மூடிவிடும். வலது ஓரத்தை லைக், ஷேர் பட்டன்கள் மூடும். மேலே சுமார் 250, கீழே சுமார் 450, வலப்பக்கம் 150 பிக்சல் விட்டுவிட்டு இடது மேல்பகுதியில் வையுங்கள். எழுத்து 40 பிக்சலுக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் அதற்குக் கீழே போனால் போனில் கலங்கிவிடும். வெள்ளை எழுத்து, பின்னால் பாதி தெரியும் கறுப்புப் பட்டை. "ஏஐ-யில் உருவாக்கிய காட்சி" என்று எழுதினால் போதும். ஏஐ கிளிப் ஓடும் அந்த எட்டு விநாடியும் நிற்க வேண்டும். நிஜக் காட்சி வந்ததும் போய்விட வேண்டும். வீடியோ முழுக்க ஓடவிட்டால் நிஜமாக எடுத்த ஒட்டுக் கட்டும் கையையும் பொய்யாக்கிவிடுவீர்கள்.

அப்லோடு செய்யும்போது யூடியூப் கேட்கும் கேள்வி தனி. விவரங்கள் பக்கத்தில் கீழே இறங்கினால் ஆல்டர்டு கன்டென்ட் (மாற்றிய உள்ளடக்கம்) என்று வரும். 2024 மார்ச்சில் வந்த ஏற்பாடு இது. நிஜ மனிதர் சொல்லாததைச் சொன்னது போலவோ செய்யாததைச் செய்தது போலவோ காட்டினால், நிஜ இடத்தின் அல்லது நிகழ்வின் காட்சியை மாற்றினால், நடக்காத ஒன்றை நடந்தது போல நம்பும்படி காட்டினால் "யெஸ்" கொடுக்க வேண்டும். கார்ட்டூன், பார்த்தவுடன் கற்பனை என்று தெரிவது, கலர் கரெக்‌ஷன், பின்னணி பிளர், ஸ்கிரிப்ட் எழுத ஏஐ உதவி இவற்றுக்குத் தேவையில்லை. அந்த விளம்பரத்தில் விடியல் மலை நிஜம் போல இருந்தால் "யெஸ்" கொடுங்கள். சாதாரண விஷயம் என்றால் லேபிள் விவரப் பகுதிக்குள் வரும். உடல்நலம், செய்தி, தேர்தல், பணம் போன்றவை என்றால் பிளேயர் மேலேயே தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் யூடியூப் தானாகவே ஒட்டலாம். இன்ஸ்டாகிராமிலும் பதிவிடும்போது ஏஐ லேபிளுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இந்தக் கேள்வி இப்போது நம் நாட்டுச் சட்டத்திலும் வந்துவிட்டது. தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்த திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிஜ மனிதர், நிஜ நிகழ்வு என்று பிரித்தறிய முடியாதபடி செயற்கையாக உருவாக்கிய காட்சியும் ஒலியும் தெளிவான லேபிளோடு வர வேண்டும். எங்கிருந்து உருவானது என்ற விவரம் ஃபைலில் நிலையாகப் பதிந்திருக்க வேண்டும். அதை எடுக்கவோ மறைக்கவோ தளங்கள் வழிசெய்யக் கூடாது. பெரிய தளங்கள், இது செயற்கையா என்று பதிவிடுபவரிடம் கேட்டு, அந்தப் பதிலைச் சரிபார்க்கவும் வேண்டும். 2025 அக்டோபர் வரைவில் திரையில் 10 சதவீத அளவுக்கு லேபிள் என்று இருந்தது. இறுதி விதியில் அந்த அளவு இல்லை. பழைய செய்தியைப் படித்துவிட்டு யாராவது பத்தில் ஒரு பங்கு திரையை மூடச் சொன்னால் மூட வேண்டியதில்லை. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் தளம் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். வழக்கமான எடிட்டிங், கலர், இரைச்சல் நீக்கம், கம்ப்ரஷன் போன்ற நல்லெண்ணத் திருத்தங்கள் இந்த வரையறைக்குள் வராது. உங்கள் கல்யாண வீடியோ வேலைக்கு இதனால் ஒரு தடையும் இல்லை.

மானிடைசேஷன் பற்றிக் கேட்டீர்கள். லேபிள் போடுவதால் வீடியோ போய்ச்சேரும் ஆட்களோ வருமானத் தகுதியோ குறையாது என்று யூடியூப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லாமல் விட்டால் வீடியோ நீக்கமும், விளம்பர வருமானம் தரும் பார்ட்னர் திட்டத்திலிருந்து நிறுத்திவைப்பதும் வரலாம். ஒகேனக்கல் ஷார்ட்ஸில் தலைப்பும் பொய்யாக இருப்பதால், தவறாக வழிநடத்தும் தலைப்பு என்ற கணக்கிலும் அது மாட்டும். 2025 ஜூலை 15 முதல், ஒரே அச்சில் வார்த்தது போல மொத்தமாகச் செய்து குவிக்கும் வீடியோக்களைத் இன்அதென்டிக் கன்டென்ட் (அசலற்ற உள்ளடக்கம்) என்று பெயரிட்டு வருமானத் தகுதியிலிருந்து விலக்குகிறார்கள். தினமும் பத்து ஏஐ கிளிப்பில் ஏஐ குரலை ஒட்டிப் போடும் சேனல்கள் அங்கேதான் சிக்குகின்றன. அடுத்தவர் செய்த ஏஐ கிளிப்பை எடுத்துப் போட்டால் அது ரீயூஸ்டு கன்டென்ட். இன்ஸ்டாகிராம் 2021 முதலே வேறு ஆப்பின் லோகோ தெரியும் ரீல்ஸைக் குறைவாகவே பரிந்துரைக்கிறது. யூடியூபிலிருந்து டவுன்லோட் செய்து அங்கே போடாமல், எடிட்டிங் ஆப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த மூல ஃபைலை இரண்டிலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

கடைசியாக, உங்கள் கேஆர்பி அணை வீடியோ. நிஜமாக எடுத்தவரே நிரூபிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது வருத்தமான விஷயம்தான், ஆனால் வழி இருக்கிறது. போனிலிருந்தோ கேமராவிலிருந்தோ வந்த மூல ஃபைலை எடிட் செய்யாமல், பெயர் மாற்றாமல் ஒரு ஹார்ட் டிஸ்கில் தனி ஃபோல்டரில் வையுங்கள். யாருக்காவது காட்ட வேண்டி வந்தால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். டாகுமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், தேதியும் போன் மாடலும் உள்ளேயே இருக்கும். அடுத்த முறை ஷட்டர் திறக்கும்போது எட்டு விநாடி கிளிப்பாகத் துண்டு போடாமல், ஒரே ஓட்டமாக 40 விநாடியாவது எடுங்கள்: அணையின் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, நடைபாதை, மக்கள், பிறகு ஷட்டர் என்று கேமரா வெட்டாமல் போகட்டும். பலகையில் உள்ள தமிழ் எழுத்து நகரும் கேமராவிலும் கலையாமல் நிற்பதும், அணைக்கு அடிக்கடி போகும் ஊர்க்காரர் அடையாளம் காணும் வரிசையில் இடங்கள் வருவதும் ஏஐ கிளிப்பில் சுலபமாக அமையாது. அந்த நீளமான பதிவை, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் வீடியோவாக ஏற்றி, அதன் இணைப்பை ஷார்ட்ஸின் மேலே நிலையாக நிறுத்திய கமெண்டில் "முழுப் பதிவு, எடுத்த தேதி, நேரம்" என்று கொடுங்கள். "இது ஏஐ" என்று எழுதுபவர்களோடு வாதாட வேண்டாம்; அந்த இணைப்பே பேசும்.

நிஜ வீடியோவுக்கு ஒரு எச்சரிக்கை. குறுக்கே போகும் கரன்ட் வயரையோ ஓர ஆளையோ ஏஐ நிரப்பும் கருவியால் அழித்தால், அந்தத் திருத்தம் ஃபைலின் விவரக்குறிப்பில் பதிவாகலாம். அதை வைத்துத் தளம் ஏஐ லேபிள் ஒட்டலாம். 2024-இல் மெட்டா "மேட் வித் ஏஐ" என்று ஒட்டத் தொடங்கியபோது, சின்னத் திருத்தம் செய்த நிஜப் புகைப்படங்களிலும் அது வந்து, புகைப்படக்காரர்கள் கொதித்த பிறகு "ஏஐ இன்ஃபோ" என்று பெயரை மாற்றினார்கள். வெள்ளம், அணை, யானை நடமாட்டம் போன்ற செய்திக் காட்சிகளில் வயர் குறுக்கே போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.

உங்கள் சேனல் பெயரை நீங்களே வாட்டர்மார்க்காகப் போடுவதாக இருந்தால் மூலையில் வைக்காதீர்கள், நீங்கள் செய்ததைப் போலவே இன்னொருவர் கிராப் செய்துவிடுவார். ஷட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவே, 200 பிக்சல் அகலத்தில், 35 சதவீத ஒபாசிட்டியில், பின்னால் உள்ள காட்சி தெரியும்படி வையுங்கள். பார்ப்பவருக்கு இடைஞ்சலும் இருக்காது, வெட்டினால் காட்சியும் மிஞ்சாது.

பண்ணைக்காரரிடம் பேசும்போது இரண்டு விலை சொல்லுங்கள்: கட்டணத் திட்டத்தில் குறி இல்லாமல் ஒன்று, பண்ணையிலேயே எடுத்த காட்சியோடு ஒன்று. கொட்டேஷனில் "ஏஐ காட்சி வரும் இடத்தில் லேபிள் இருக்கும், அதை நீக்கித் தர இயலாது" என்று ஒரு வரி எழுதி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஏஐ-க்குக் கொடுத்த பிராம்ப்ட், மூல கிளிப், சந்தா ரசீது, அவர் ஒப்புதல் கொடுத்த வாட்ஸ்அப் செய்தி இவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.